காப்பி மட்டுந்தான் குடிச்சிருக்கா

‘பேஷண்ட் பொய் சொல்லிட்டாங்க, மேடம்’ என்ற வாக்கியத்தை என் காதுபட யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் எனக்குக் கோபம் வரும். வயதாகிவிட்டது, இரத்த அழுத்தம் இருக்கிறது, கோபப்படாதீர்கள் என்று எனக்கு மாத்திரை எழுதித் தருகிறவர்களே நீங்கள்தான். இருந்தும் நம் டாக்டர்கள் சங்கத்தின் சென்ற மாதக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் அதை வெகு சாதாரணமாகச் சொன்னார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதாக நோயாளி சொன்னாராம், சாப்பிடவில்லையாம், அதனால் காலை எடுக்க வேண்டியதாயிற்றாம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் ‘ஆமாம், இவர்களே இப்படித்தான்’ என்று தலையாட்டினீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் போனேன் என்று கேட்டு ஆள் அனுப்பினீர்கள். ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை ஒன்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் சேர்த்து இதுதான் பதில்.

நான் தென்காசிக்காரி. சென்னையில் படித்துவிட்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் சொந்த ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் உதவி டாக்டராகச் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. இருந்தாலும் பெயர் சொல்ல மாட்டேன். அதன் தலைமை மருத்துவரை ஊரே பெரிய டாக்டர் என்று சொல்லும். நானும் அப்படியே சொல்கிறேன்.

அவரைத் திட்டத்தான் போகிறேன் என்பதால், அவருக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். அவர் கை நல்ல கை. கத்தியைப் பிடித்தால் தேவைக்கு மேல் ஒரு நூல் அதிகம் அறுக்க மாட்டார். எனக்குத் தையல் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஏழை, பணக்காரன் என்று ஆளுக்கொரு மாதிரி வேலை செய்கிறவரும் இல்லை. அவரிடம் ஒரே ஒரு குறை இருந்தது. பதிலைக் கேட்பதற்கு முன்னால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

சென்னைக்காரரான அவருக்கு எங்கள் பேச்சு ஒரு வேடிக்கை. சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி வந்து, ‘மேலெல்லாம் வலிக்கு’ என்றாராம். எங்கள் பக்கம் ‘மேல்’ என்றால் உடம்பு. மேலுக்கு முடியவில்லை என்றால் உடம்பு சரியில்லை. இவர் ‘மேலே எங்கே?’ என்று கேட்டு, அந்த மனுஷனின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணையும் காதையும் சோதித்து, தலைவலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த மனுஷன் அப்புறம் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். இந்தக் கதையைப் பெரிய டாக்டரே விருந்தினர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ‘இந்த ஊர்த் தமிழுக்கு ஒரு டிக்ஷனரி வேணும்’ என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நோயாளி சொன்னது டாக்டருக்குப் புரியவில்லை என்பது சிரிப்பதற்கான செய்தி இல்லை என்று அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அவருக்கு விருந்தாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். கூடப் படித்தவர்கள், மேலதிகாரிகள், மேலதிகாரிகளின் சம்பந்திகள். யார் வந்தாலும் இவர்தான் அருவிக்குக் கூட்டிப் போக வேண்டும். சாரல் விழுகிற மாதங்களில் ஆஸ்பத்திரி வேலை எல்லாம் காலையிலேயே அவசர அவசரமாக நடக்கும். கார் வாசலில் நிற்கும். டிரைவர் துண்டும் எண்ணெய்க் கிண்ணமும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அப்படி ஒரு சீசன் நாளில்தான் கோமதி வந்தாள். அச்சன்புதூர்ப் பெண். இருபது வயது இருக்கும். முதல் குழந்தை பெற்றுச் சில வாரம்தான் ஆகியிருந்தது. மார்பில் பால் கட்டி, சீழ் வைத்து, தொட விடாமல் துடித்தாள். கூட வந்தவள் அவள் மாமியார் சண்முகத்தாய். மாமியார் என்றால் அயல் இல்லை. கோமதியின் அப்பாவுக்குக் கூடப் பிறந்த அக்காள். அக்காள் தம்பி வீட்டுக்குள் பெண் எடுத்துக் கொடுத்துக்கொள்கிற குடும்பம். கோமதி அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டாள். அத்தைதான் குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள், அத்தைதான் மருமகளின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டியைக் கீறிச் சீழை எடுக்க வேண்டும். சின்ன ஆபரேஷன். ஈதர் கொடுத்து மயக்கி, கீறி, கழுவி, கட்டுப் போட்டால் முடிந்தது. பெரிய டாக்டர் அன்று மாலை பார்த்துவிட்டு, ‘நாளைக்குக் காலையில சாப்பிடாம கூட்டிட்டு வாங்க’ என்று சொன்னார். சண்முகத்தாய் ‘சரிய்யா’ என்றாள். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் என்றுதான் சொன்னார். அப்போது நான் பக்கத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எப்போதும் போல, தண்ணீர்கூடக் கூடாது என்பதை நர்ஸ் விளக்கிச் சொல்லுவார் என்று இருந்துவிட்டார். நர்ஸோ டாக்டரே சொல்லியாயிற்று என்று இருந்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் பிரசவ அறையில் இருந்தேன். பெரிய டாக்டர் ஆபரேஷன் அறை வாசலில் நின்று, கையைக் கழுவப் போகிற போக்கில், சண்முகத்தாயிடம் கேட்டிருக்கிறார்: ‘என்னம்மா, சாப்பிட்டாளா?’

‘இல்லய்யா, சாப்பாடு குடுக்கல. காப்பி மட்டுந்தான் குடிச்சிருக்கா.’

‘காப்பி எப்போ?’

‘விடியக்காலம்யா.’

‘சரி, பரவாயில்லை’ என்று உள்ளே போய்விட்டார்.

வேற்றூர்க்காரர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் சாப்பாடு என்றால் சோறு. அதை மத்தியானம்தான் சாப்பிடுவோம். காலையில் சாப்பிடுகிற இட்லிக்கும் தோசைக்கும் புட்டுக்கும் பெயர் காப்பி. ‘காப்பி குடிச்சாச்சா?’ என்று யாராவது கேட்டால் காலைப் பலகாரம் ஆயிற்றா என்று அர்த்தம். நாலு இட்லியும் சட்னியும் சாப்பிட்டு, அதன் மேல் ஒரு டம்ளர் காப்பியும் குடித்துவிட்டு, ‘இன்னும் சாப்பிடல, காப்பிதான் குடிச்சேன்’ என்று சொன்னால் எங்கள் ஊரில் அது முழு உண்மை. சண்முகத்தாய் விடியற்காலையில் எழுந்து, பால் கொடுக்கிற பிள்ளை வெறும் வயிற்றோடு கத்திக்குப் போகக் கூடாதே என்று இட்லி அவித்துத் தூக்குச்சட்டியில் எடுத்து வந்து, பஸ் ஏறுவதற்கு முன்னால் ஊட்டிவிட்டிருந்தாள். டாக்டர் சாப்பாடுதானே கூடாது என்றார். அவர் சொன்ன சொல்லை அவள் தட்டவில்லை. கேட்டதற்கு மறைக்கவும் இல்லை.

மயக்கத்தில் கோமதி வாந்தி எடுத்தாள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. என்னைக் கூப்பிட ஆள் ஓடி வந்தபோது நான் பிரசவத்தை நர்ஸிடம் விட்டுவிட்டுப் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் கோமதியின் முகம் நீலமாகிவிட்டிருந்தது. காலால் மிதித்து உறிஞ்சுகிற ஒரு பழைய பம்புதான் எங்களிடம் இருந்தது. நான் மிதித்தேன், பெரிய டாக்டர் குனிந்து கையாலேயே வாயைச் சுத்தம் செய்தார். அவர் நெற்றி வியர்வை என் கையில் விழுந்தது. அந்த நேரத்தில் அவர் ஒரு நல்ல டாக்டராகத்தான் இருந்தார். என்ன செய்ய முடியுமோ அவ்வளவையும் செய்தார். பிரயோஜனம் இல்லை. கோமதி போய்விட்டாள்.

இதுவரை நடந்தது பிழை. பெரிய பிழை, ஒரு பெண்ணின் உயிரைக் குடித்த பிழை, ஆனாலும் பிழைதான். அதற்காக அவர் மேல் எனக்கு இத்தனை வருஷம் கோபம் இருந்திருக்காது. அடுத்த கால் மணி நேரத்துக்காகத்தான்.

அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடைந்த குரலில் சொன்னார்: ‘நானே கேட்டேனே. காப்பி மட்டும்தான்னு அந்த அம்மா சொன்னாளே. இதெல்லாம் இட்லி. பொய் சொல்லியிருக்கா.’

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ‘சார், அவங்க பொய் சொல்லல. இந்த ஊர்ல காப்பின்னா காலைப் பலகாரம்’ என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் கண்ணைப் பார்த்தே எனக்கு அது தெரிந்தது. ‘மேல்’ கதையைச் சொல்லிச் சிரிக்கிறவருக்கு இது புரியாமல் போகுமா? அப்புறம் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்தப் பெண்ணை அந்தக் கோலத்தில் வீட்டார் பார்க்கக் கூடாது என்று நான் முகத்தைத் துடைத்து, தலையை ஒதுக்கி, சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வராந்தாவில் அழுகைச் சத்தம் கேட்டது. நான் வெளியே வந்தபோது கார் கிளம்பிப் போய்விட்டது. சுரண்டையில் கடை வைத்திருந்த கோமதியின் அப்பா சுப்பையா அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். பெரிய டாக்டர் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போனது இதுதான்: ‘ஒண்ணுமே குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தோம். குடுத்திருக்கீங்க. கேட்டதுக்குப் பொய்யும் சொல்லிட்டீங்க. நாங்க என்ன செய்ய முடியும்?’

பார்த்தீர்களா? முந்தின நாள் மாலை ‘சாப்பிடாம’ என்று இருந்த வார்த்தை, மறுநாள் வராந்தாவுக்கு வரும்போது ‘ஒண்ணுமே’ என்று ஆகிவிட்டது. தெரிந்தே மாற்றினார். அறைக்குள் நான் சொன்னது காதில் விழுந்து, புத்திக்கும் போய், அதற்குப் பிறகு வெளியே வந்து அந்த வார்த்தையைச் சொன்னார்.

சுப்பையா தன் அக்காளின் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினார். ‘எம்பிள்ளைய ஊட்டி ஊட்டியே கொன்னுட்டியே’ என்று மார்பில் அடித்துக்கொண்டார். ‘நான் காப்பிதாம்லே குடுத்தேன். கேட்டாவ, சொன்னேம்லே’ என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். யார் காதில் விழும்? படித்த டாக்டர் பொய்க்காரி என்று சொன்ன பிறகு, அவள் வாயைத் திறந்தாலே பொய் என்று ஆகிவிட்டது. நான் குறுக்கே போய்ச் சொன்னேன். கத்தியே சொன்னேன். மகளைப் பறிகொடுத்தவன் காதில் ஒரு சின்ன டாக்டரம்மாவின் குரல் எங்கே ஏறும்?

அன்று சாயங்காலமே குழந்தையைச் சுரண்டைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அச்சன்புதூரில் சண்முகத்தாய்க்கு வேறு பெயர் வந்துவிட்டது: இட்லி குடுத்துக் கொன்னவ. மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்து வைத்திருந்தாள், அதனால் வேண்டுமென்றே செய்தாள் என்றுகூடச் சொன்னார்கள். பெற்ற மகன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான். இதெல்லாம் எனக்கு வெளிநோயாளிகள் மூலமாகவே வந்து சேர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் வந்தால் என்னிடம் இதைத்தான் பேசினார்கள்.

நான் பெரிய டாக்டரிடம் போனேன். ‘நீங்க நேர்ல போய் அந்தம்மாகிட்டயும் அவங்க தம்பிகிட்டயும் உண்மையைச் சொல்லணும் சார்’ என்றேன்.

அவர் கத்தவில்லை. நிதானமாகத்தான் பேசினார். ‘நான் போய்ச் சொன்னா என்ன ஆகும்? நாளைக்கு ஒரு பயலும் ஆபரேஷனுக்கு இங்க வர மாட்டான். எல்லாரும் பூசாரிகிட்டப் போவாங்க. இன்னும் பத்து உயிர் போகும். ஒரு கிழவி மேல பழி விழுந்ததால ஆஸ்பத்திரி நிக்குது. நாலு நாள் அழுவாங்க, மறந்துடுவாங்க.’

இந்தப் பேச்சு உங்களுக்கும் ஒரு நாள் வரும். வேறு யாரும் சொல்ல வேண்டாம், உங்கள் மனசே சொல்லும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியின் நன்மைக்காக, மற்ற நோயாளிகளின் நன்மைக்காக என்று இருக்கும். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ‘அது தப்பு சார்’ என்று மட்டும் சொன்னேன். இப்போது தெரியும். ஆஸ்பத்திரி தன் பிழையை ஒரு ஏழைப் பொம்பளையின் தலையில் வைத்துத்தான் நிற்க வேண்டும் என்றால், அது விழட்டும். சண்முகத்தாய் கிழவியும் இல்லை. நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது.

நான் சுரண்டைக்குப் பஸ் ஏறினேன். சுப்பையா கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதைக்குக் குறைவில்லை. நான் சொன்னதை எல்லாம் தலையைக் குனிந்து கேட்டார்.

‘டாக்டரம்மா, நீங்க நல்லவுக. பொம்பளைக்குப் பொம்பள இரக்கப்பட்டுச் சொல்லுதிய. ஆனா பெரிய டாக்டரு எம் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரே. அவருக்குப் பொய் சொல்லி என்ன ஆவணும்?’

‘அப்படின்னா அவர்கிட்டயே கேளுங்க. உங்க அக்கா சொன்ன வார்த்தை என்னன்னு மட்டும் கேளுங்க. வேற ஒண்ணும் கேக்க வேண்டாம்’ என்றேன்.

சில நாள் கழித்து வந்தார். பெரிய டாக்டர் வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார், நான் பின்னால் நின்றேன். சுப்பையா வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வார்டு வாசலில் வந்து நின்றார்.

‘ஐயா, நான் கோமதிக்கு அப்பன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். அன்னைக்கு எங்க அக்காகிட்ட நீங்க கேட்டதுக்கு அவ என்ன சொன்னா? அவ சொன்னத அப்படியே சொல்லுங்கய்யா.’

பெரிய டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் சொன்னார்: ‘சாப்பாடு குடுக்கலை, காப்பி மட்டும்தான் குடிச்சிருக்கான்னு சொன்னாங்க.’

‘காப்பி குடிச்சிருக்கான்னு சொன்னாளா?’

‘ஆமா. காப்பி மட்டும்னு.’

சுப்பையா மெதுவாகச் சொன்னார்:

‘அப்ப எல்லாத்தையும் சொல்லிட்டாளேய்யா.’

சுப்பையா பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணிடம் திரும்பினார். ‘ஏம்மா, காப்பி குடிச்சிட்டியா?’ என்றார். அவளுக்கு எதுவும் தெரியாது. ‘ஆச்சு அண்ணாச்சி. மூணு இட்லி கொண்டாந்தாவ’ என்றாள். சுப்பையா பெரிய டாக்டரைப் பார்த்தார். சண்டைக்கு நிற்கவில்லை. என்ன சொல்லப் போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். ‘எனக்குப் புரியலைங்க, தப்பு என்னுது’ என்று ஒரே ஒரு வார்த்தை. கத்தி பிடிக்கும்போது ஒரு கணம்கூடத் தயங்காத மனுஷன் அங்கே தயங்கினார். அப்புறம் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ‘உங்க ஊர்த் தமிழ் எனக்குப் புரியலைன்னா நான் என்னய்யா பண்றது?’ என்றார். என்னிடம் இங்கிலீஷில், இந்த ஆளை வெளியே அனுப்பு என்றார்.

‘நான் அனுப்ப மாட்டேன் சார்’ என்றேன்.

சுப்பையா தானாகவே போய்விட்டார். போகும்போது எனக்கு மட்டும் கும்பிட்டார்.

அன்றிலிருந்து நான் ஆபரேஷன் அறைக்குள் நுழையக் கூடாது என்று ஆயிற்று. வெளிநோயாளிகள் பகுதியில் போட்டார்கள். எனக்குத் தண்டனையாம். அங்கேதான் நான் கேள்வி கேட்கவே கற்றுக்கொண்டேன். சாப்பிட்டியா என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. ‘முழிச்சதுல இருந்து இப்ப வரைக்கும் வாய்க்குள்ள என்னென்ன போச்சு? ஒவ்வொண்ணாச் சொல்லு’ என்று கேட்பேன். தண்ணி, வெத்தலை, பிள்ளை தின்னு மிச்சம் வைத்த அரை முறுக்கு எல்லாம் வரும். மருந்தைச் சாப்பிட்டாயா என்றும் கேட்பதில்லை. மருந்தைக் கொண்டுவரச் சொல்லி, எப்படிச் சாப்பிடுகிறாய், காட்டு என்பேன். காலை எடுத்த உங்கள் நோயாளியிடம் யாராவது இப்படிக் கேட்டீர்களா? ‘ஒழுங்கா’ என்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டீர்களா? வலி வந்தபோதெல்லாம் தவறாமல் சாப்பிட்டிருப்பார். அவரைப் பொறுத்தவரை அதுதான் ஒழுங்கு. கேட்டுப் பாருங்கள்.

சுப்பையா நேராக அச்சன்புதூர் போனார். அடுத்த வாரம் குழந்தையையும் கொண்டுபோய் அக்காள் கையில் கொடுத்தார். அன்றைக்கு நானும் போயிருந்தேன். தம்பி அக்காள் காலில் விழப் போனார், அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள், இரண்டு பேரும் வெகுநேரம் அழுதார்கள். மகன் முற்றத்தில் நின்று தாயைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். சண்முகத்தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தாள்.

‘பெரிய டாக்டரு வரலியா?’

‘இல்லம்மா. அதான் நான் வந்திருக்கேனே’ என்றேன்.

‘நீங்க சொல்லுதது சரிதான் டாக்டரம்மா. தம்பியும் சொல்லிட்டான். ஆனா அன்னைக்கு நூறு பேரு முன்னால பொய்க்காரின்னு சொன்னது அவருல்லா. சொன்ன வாயி வந்து சொன்னாத்தான் ஊரு நம்பும். நானும் நம்புவேன்.’

‘நீங்க எதை நம்பணும்?’

‘நான் பொய் சொல்லலேன்னு. ராத்திரி படுத்தா எனக்கே சந்தேகமா வருது. ஒருவேள நாந்தான் மாத்திச் சொல்லிட்டேனோன்னு தோணுது.’

ஒரு டாக்டரின் வாய்க்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். தான் சொன்னது தனக்கே நிச்சயமில்லாமல் போகும்படி ஒரு மனுஷியை ஆக்கிவிட முடியும். அதற்குக் கத்திகூடத் தேவையில்லை.

பெரிய டாக்டருக்கு மாற்றலாகும் வரை அவள் காத்திருந்தாள். குழந்தைக்குத் தடுப்பூசி, சளி, காய்ச்சல் என்று எதற்கு வந்தாலும் என்னிடம் வந்து, எழுந்து போகும்போது, ‘அவரு ஏதும் சொன்னாரா?’ என்று கேட்பாள். நான் இல்லை என்பேன். ‘சரி, வேல இருக்கும்’ என்பாள். அவள் கேட்டதை நான் பெரிய டாக்டரிடம் சொல்லாமல் விட்டதும் இல்லை. முதலில் எரிச்சல்பட்டார். அப்புறம் காது கேட்காததுபோலப் போனார்.

சில வருஷம் கழித்து அவருக்குச் சென்னைக்கே மாற்றல் வந்தது. பிரிவுபசார விழா வைத்தோம். மாலை, எலுமிச்சம்பழம், பேச்சுகள். நோயாளிகளிடம் அவர் காட்டிய பரிவைப் பற்றி ஒருவர் உருக்கமாகப் பேசினார். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கூட்டம் முடிந்து அவர் காருக்கு வந்தபோது, வாசல் ஓரத்தில் சண்முகத்தாய் நின்றுகொண்டிருந்தாள். அவர் போகிறார் என்று கேள்விப்பட்டு அச்சன்புதூரிலிருந்து வந்திருந்தாள். தலை குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். வழியனுப்ப வந்த பழைய நோயாளி என்று நினைத்துவிட்டார். முகம் மலர்ந்து, கையிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை அவள் கையில் வைத்தார். ‘நல்லா இருங்கம்மா’ என்றார்.

‘சார், இவங்க கோமதியோட மாமியார்’ என்றேன்.

அவர் யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார்.

‘எந்தக் கோமதி?’

நான் வாயைத் திறந்தேன். சண்முகத்தாய் என் கையைப் பிடித்து அழுத்தினாள். ‘ஒண்ணுமில்லய்யா. நீங்க போய்ட்டு வாங்க’ என்றாள். கார் போயிற்று. அவள் அந்த எலுமிச்சம்பழத்தை ஆஸ்பத்திரிச் சுவர் மேல் வைத்தாள்.

‘எந்தக் கோமதின்னு கேக்காரு பாத்தியளா’ என்றாள். பஸ்ஸுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவளைப் பார்த்திருக்கிறேன். ‘அவரு ஏதும் சொன்னாரா’ என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இப்போது, சென்ற மாதக் கூட்டத்தில் பேசிய தம்பிக்கு: அந்த நோயாளி உங்களிடம் என்ன சொன்னார்? ‘பொய் சொன்னார்’ என்று எழுதி அனுப்ப வேண்டாம். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.